பண்டாரவளை மலைவீதிகளில் ரேடியேட்டர் காற்றோட்டம்

கார் ரேடியேட்டரின் குளிர்விக்கும் திறன் அதன் பருமனோடு முடிவதில்லை. அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடுதான் எவ்வளவு காற்று ஊடுருவும் என்பதைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் அறைக்குள் வந்த சூடான காற்று வெளியேறாவிட்டால் புதுக்காற்றுக்கு உள்ளே இடமில்லை. ஊவா மாகாணத்தில் இதை நன்றாகக் காணலாம். தாழ்நிலத்து வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாகப் பண்டாரவளைக்கு வரும் வாகனம் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டாம் கியரில், பாரத்தோடு, முன்னே ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருக்க.

காற்று மோதும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிறில்லில் கிடைக்கும் அழுத்தத்தில் 16இல் ஒரு பங்குதான் 25 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். ஆகவே ஏற்றத்தில் வேலை முழுவதும் பேனுடையது. மேலே போகப் போகக் குளிர்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். 1,200 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 11 வீதம் குறைவு. குளிரால் வரும் இலாபத்தை இந்த மெல்லிய காற்று ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 96 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்பதால், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்த வாகனத்துக்கு ஆபத்து கூடுதல்.

பேனின் உழைப்பு வீணாவது இடைவெளிகளில்தான். ரேடியேட்டரின் ஓரத்து ஸ்பொஞ்சுப் பட்டையோ பேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடோ இல்லாவிட்டால், எஞ்சின் அறையின் சூடான காற்று பக்கவாட்டால் முன்னுக்குத் திரும்பி அதே ரேடியேட்டருக்குள் மீண்டும் நுழையும். விபத்துக்குப் பின் திருத்திய கார்களில் முதலில் காணாமல் போவது இந்தப் பாகங்களே. தோட்டத்து மண்வீதியில் ஓடும் வாகனங்களில் ஏ.சி. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் இலைச்சருகும் படிந்து கிடக்கும். வெளியே கழுவினால் அது போகாது. ரேடியேட்டரே இல்லாத திரிவீலிலும் இதே நியாயம்தான்: பேன் காற்றைச் சிலிண்டரின் இறகுகள் மீது செலுத்தும் கூட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேறும். இரண்டாம் உலகப்போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானத்திலும் ரேடியேட்டர்க் காற்றைக் கட்டுப்படுத்திய மடல் இருந்தது வெளியேறும் வாயிலில், நுழையும் வாயிலில் அல்ல.

வெளியேற்றம்தான் முக்கியம் என்றால் பொனட்டின் பின்விளிம்பைச் சற்றுத் தூக்கிவிட்டால் என்ன? ஊர்ந்து ஏறும்போது சூடு அவ்வழியே கிளம்பும், உண்மை. ஆனால் முன்கண்ணாடியின் அடிப்பகுதி வேகத்தில் அழுத்தம் கூடிய இடம். சமவெளியில் காற்று அங்கிருந்து உள்ளே புகுந்து ரேடியேட்டர் ஓட்டத்தைத் தடுக்கும். அடித்தட்டைக் கழற்றுவதும் பெரும்பாலான கார்களில் இதே வகைத் தவறு: எஞ்சின் அறைக்குக் கீழே காற்று வெளியேற வேண்டிய இடத்து அழுத்தக் குறைவை அது கெடுக்கும், சேறும் உள்ளே ஏறும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கமோ பண்டாரவளையின் குளிர்காலைகளில் எஞ்சினைச் சூடாகவே விடாது. எரிபொருள் செலவு கூடும், சில எஞ்சின்களில் பைபாஸ் வழி மூடப்படாமல் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பும்.

மேட்டில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பினால் நீர்ப்பம்பும் நின்றுவிடும், எஞ்சின் அறையின் சூடு சில நிமிடங்களுக்கு இன்னும் ஏறும். மானி சிவப்பைத் தொடாதவரை ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது நல்லது. ஏற்றத்தில் ஏ.சி.யை அணைப்பது உடனே பலன் தரும். மூடியையும் கூட்டையும் பட்டைகளையும் பார்த்துச் சரிசெய்யாமல் பெரிய ரேடியேட்டர் பொருத்துவது காசுக்குக் கேடு.