ஹெலிகாப்டர் படப்பிடிப்பு: ஆபத்து எங்கே இருக்கிறது?

மலையாள நடிகர் ஜெயன், 1980 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையை அடுத்த சோழவரத்தில் 'கோளிளக்கம்' படப்பிடிப்பின்போது உயிரிழந்தார். ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து ஹெலிகாப்டரைப் பற்றித் தொங்கும் காட்சியில் அவர் டூப் இன்றி நடித்தார். நிலைதடுமாறிய ஹெலிகாப்டர் தரையில் மோதியது. இத்தகைய படப்பிடிப்பில் உயிரைக் காப்பவை எவை?

எடைச் சமநிலை: ஹெலிகாப்டரின் எடை மையம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். சிறிய ஹெலிகாப்டரில் ஒருவர் ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் அம்மையம் விலகி, விமானியின் கட்டுப்பாட்டை மீறக்கூடும்.

உயரமும் வேகமும்: இவை போதிய அளவில் இருந்தால், எஞ்சின் நின்றாலும் சுழலும் விசிறியின் உதவியால் தரையிறங்க முடியும். படப்பிடிப்புக்காகத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

பாதுகாப்புப் பட்டை: 2018 மார்ச் 11-ஆம் தேதி, கதவுகள் திறந்த நிலையில் புகைப்படம் எடுக்கப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் விழுந்தது. பயணி ஒருவரின் பட்டைக் கயிறு எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் சிக்கியதே காரணம். பட்டைகளை விரைவாக அவிழ்க்க இயலாமல் 5 பயணிகளும் உயிரிழந்தனர். விமானி உயிர் தப்பினார். பட்டை விழாமல் தாங்கினால் மட்டும் போதாது. நொடியில் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

மீட்பு ஏற்பாடு: 2016 நவம்பர் 7-ஆம் தேதி, பெங்களூரு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் 'மாஸ்திகுடி' கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த நடிகர்கள் அனில், உதய் ஆகியோர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்கள் உயிர்காப்பு உடை அணிந்திருக்கவில்லை. மீட்புப் படகு தயாராக நிற்காத இடத்தில் குதிக்கும் காட்சியை எடுக்கக் கூடாது.

ட்ரோன் விதிகள்: ஆளை ஏற்றாமலேயே வான்காட்சிகளை எடுக்க இன்று ட்ரோன்கள் உள்ளன. எனினும் அவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிட முன் அனுமதி தேவையில்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் இயக்குபவர் ட்ரோன் இயக்குநர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இவை மத்திய அரசின் விதிகள் என்பதால், கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களில் படமெடுப்போருக்கும், எல்லைக்கு இப்பால் தமிழகத்தின் களியக்காவிளையில் படமெடுப்போருக்கும் பொதுவானவை. எந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' இணையதள வரைபடத்தில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே பறக்கவிட வேண்டும்.