மூன்றாம் துகள் எழுப்பிய வினா

இரண்டு பொருள்களின் உறவை அறிந்தவர், மூன்றின் உறவையும் அறிந்தவராகிவிடுவாரா? ஆகமாட்டார் என்பதை வானநூலார் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தனர். ஞாயிறும் ஒரு கோளும் மட்டுமே இருப்பின், நியூட்டனின் விதியைக் கொண்டு அக்கோளின் பாதையைத் துல்லியமாக வரைந்துவிடலாம். மூன்றாவதாக ஒன்று சேர்ந்துவிட்டாலோ, எந்நிலைக்கும் பொருந்தும் எளிய விடை கிட்டுவதில்லை.

இதே இடர்ப்பாடு இருபதாம் நூற்றாண்டில் அணுக்கருவினுள்ளும் தலைகாட்டியது. புரோட்டான், நியூட்ரான், பையான் முதலிய துகள்களை ஹாட்ரான்கள் என்பர். ஒன்றை மற்றொன்றின் மீது மோதவிட்டு, அவை சிதறும் பாங்கை அளந்தே இவற்றின் இயல்பைப் பெரிதும் அறிகிறோம். இரு துகள்களின் சிதறலுக்கு லிப்மன், ஷ்விங்கர் ஆகியோர் 1950இல் ஒரு சமன்பாட்டை வகுத்தளித்தனர். அதையே மூன்று துகள்களுக்கு விரித்தபோது, ஒரே விடையைத் தர அது மறுத்தது.

காரணம் யாது? இரு துகள்கள் மோதும் வேளையில் மூன்றாவது துகள் எதிலும் கலவாமல் தன் வழியே செல்லக்கூடும். மூவர் கூடி நடத்தும் வாணிகத்தில் இருவர் மட்டும் கணக்குப் பார்க்க, மற்றவர் ஒதுங்கி நிற்பதைப் போன்றது இது. அவ்வாறு ஒதுங்கி நிற்கும் துகளை ஏனைய இரண்டோடு பிணைக்கும் வழி பழைய சமன்பாட்டில் இல்லை.

இம்முடிச்சை 1960இல் அவிழ்த்தவர், லெனின்கிராடு நகரத்து இளம் கணித அறிஞர் லுட்விக் ஃபத்தேயெவ். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இறுதியாக மோதிய இணை எது என்பதை வைத்து, முழு நிகழ்ச்சியையும் அவர் மூன்று கூறுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கூறும் மற்ற இரண்டிலிருந்தே பிறக்குமாறு மூன்று சமன்பாடுகளை இணைத்தார். ஓர் இணை மோதிய பின் அடுத்து மோதுவது வேறோர் இணையாகவே இருக்கும். ஆதலால் ஒதுங்கி நின்ற துகளும் கணக்கினுள் வந்துவிடுகிறது. நான்கும் அதற்கு மேற்பட்ட துகள்களும் கொண்ட கூட்டங்களுக்கு இம்முறையை 1967இல் விரித்தவர் யாகுபோவ்ஸ்கி.

இதனால் விளைந்த பயன் பெரிது. ஒரு புரோட்டானும் இரு நியூட்ரான்களும் சேர்ந்தது டிரைட்டான் என்னும் அணுக்கரு. அதைப் பிரித்தெடுக்க 8.48 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்பது அளந்தறிந்த உண்மை. இரண்டிரண்டு துகள்களுக்கிடையே உள்ள விசைகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 7.6 முதல் 8 வரையே கிடைக்கிறது. முன்னரெனில், இக்குறை கணக்கிடும் முறையின் பிழை என்று கூறி ஒதுக்கியிருப்பர். ஃபத்தேயெவின் முறையோ தோராயமன்று. எனவே பழி விசையின் மீதே விழுந்தது. மூன்றும் ஒருங்கே இருக்கும்போது மட்டுமே தோன்றும் தனி விசை ஒன்று உண்டு என்பது உறுதிப்பட்டது. ஜப்பானியரான ஃபூஜிதா, மியாசாவா ஆகியோர் 1957இலேயே அத்தகைய விசைக்கு ஒரு வடிவம் தந்திருந்தனர்.

ஹாட்ரான்கள் யாவும் குவார்க்குகளால் ஆனவை என்னும் கொள்கை 1970களில் நிலைபெற்றபின், இவ்வினா மீண்டும் எழுந்தது. அக்கொள்கையின்படி கணினியில் கணக்கிடுவோர் வெளியை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்துக்கொள்கின்றனர். பெட்டிக்குள் அடைபட்ட துகள்கள் சிதறித் தொலைவு செல்ல இயலாது. ஆயினும் அங்கே அவை கொள்ளும் ஆற்றல் நிலைகளைக் கொண்டே சிதறலை அறியலாம் என்று, இரு துகள்களுக்கு 1980களில் வழி காட்டினார் மார்ட்டின் லூஷர். மூன்று துகள்களுக்கான பொது விதியை ஹான்சன், ஷார்ப் ஆகியோர் வகுத்தது 2014இல்தான். ஒமேகா என்னும் துகள் பெரும்பாலும் மூன்று பையான்களாகவே சிதைகிறது; இத்தகைய துகள்களை அடிப்படையிலிருந்து விளக்க இவ்விதி இன்றியமையாதது.

இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்வது ஒரே ஓர் எண்ணிக்கைப் படிதான். அப்படியைக் கடக்க அறிஞர் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. பகுதிகளைத் தனித்தனியே அறிந்தமையால் முழுமையை அறிந்துவிட்டோம் என எண்ணுவோர்க்கு, டிரைட்டானில் குறைந்துநின்ற அச்சிறு ஆற்றலே தக்க விடையாகும்.