நார்த்தாமலையும் குளத்து மீனும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 17 கி.மீ. தூரத்தில் நார்த்தாமலை வருகிறது. சோழர் காலத்தில் இது தெலுங்கு குலகாலபுரம் என்ற பெயரில் ஒரு வணிக நகரம். இங்கு வருபவர்கள் விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த வறண்ட பூமியின் உண்மையான சரித்திரம் தண்ணீரில்தான் இருக்கிறது.

மேலமலையில் தலையருவிச்சிங்கம் என்றொரு சுனை. அதன் அடியில், பாறையைக் குடைந்த சிறு கோயிலில் ஒரு லிங்கம் மூழ்கிக் கிடக்கிறது. ராமச்சந்திர தொண்டைமானின் ராணி தண்ணீரை இறைக்கச் சொல்லி அதை வழிபட்டதை 1857-ஆம் வருடக் கல்வெட்டு சொல்கிறது. மலை மேல் தண்ணீர் சாமிக்கு. மலையடியிலோ கண்மாயும் குளமும், அதில் மீனும்! மீன் யாருக்கு என்பதுதான் பழைய வழக்கு.

சோழர் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வரி வருகிறது. குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கான வரி அது. இன்றைக்கும் 'மீன்பாசி குத்தகை' என்றே ஏலம் விடுகிறார்கள், பெயர்கூட அதிகம் மாறவில்லை பாருங்கள். குத்தகை எடுத்தவரைத் தவிர வேறு யாரும் வலை போட முடியாது.

இதற்கு நேர் எதிரானது கோடையில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றும்வரை யாரும் மீனைத் தொடக்கூடாது. குறித்த நாளில் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் கரையில் கூடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்க வேண்டும். காசு கிடையாது, ஜாதி மதம் பார்ப்பதும் இல்லை என்பார்கள். கிடைத்த விராலும் கெண்டையும் வீட்டுக் குழம்புக்குத்தான், விற்பதில்லை.

ஊத்தா என்பது அடியில்லாத கூடை. சேற்றில் அமுக்கி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில்தான் இது வேலை செய்யும், அதனால் மூழ்கும் பயம் குறைவு. கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும்.

வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பதை பிரிட்டிஷ் இந்தியாவில் 1897-ஆம் வருட மீன்வளச் சட்டம் தடை செய்தது. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம், இந்தியாவோடு இணைந்தது 1948-இல்தான். 

இப்போது நார்த்தாமலையைச் சுற்றி கல் குவாரிகள். தோண்டிவிட்ட பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்கிறது, அதிலும் தூண்டில் போடப் பையன்கள் போவதுண்டு. கண்மாய்க் கரை சரிவாக இறங்கும், குவாரியில் முதல் அடியே ஆழம். அங்கே துண்டு வீசப் பெரியவர் யாரும் இல்லை.