பச்சைமலை நாட்டின் பட்டாளம்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெர்மான்ட்

1861 இலையுதிர் காலத்தில் வாஷிங்டன் நகருக்கு வெளியே, போட்டோமாக் ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த ஜெனரல் வில்லியம் ஸ்மித் தம் தலைமைத் தளபதியிடம் ஒரு சலுகை கேட்டார். வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த ரெஜிமென்ட்டுகளை ஒரே பிரிகேடாகச் சேர்த்துத் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஸ்மித் அந்த மாநிலத்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர். வடதரப்புப் படையில் பொதுவாகப் பல மாநிலத்து ரெஜிமென்ட்டுகளைக் கலந்துதான் பிரிகேடு அமைப்பார்கள். ஒரு நாள் சண்டையின் சாவு முழுவதும் ஒரே மாநிலத்தின் தலையில் விழாமல் இருக்க அந்தக் கலப்பு உதவியது. தளபதி மெக்லெல்லன் இந்த ஒரு முறை இணங்கினார். 2 முதல் 6 வரை எண்ணிட்ட ஐந்து வெர்மான்ட் ரெஜிமென்ட்டுகள் ஒன்றாயின. பின்னாளில் ‘பழைய பிரிகேடு’ என்று ஊரார் உரிமையோடு அழைத்த படை அது. அந்த மாநிலம் போரில் அடைந்த பெருமை, பட்ட துயரம் இரண்டுக்கும் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வெர்மான்ட் எவ்வளவு சிறியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1860 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,15,098. பத்தாயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றுகூட அன்று அங்கே இருக்கவில்லை. கனடா எல்லையை ஒட்டிய மலைநாடு; ஆடு, மாடு, புல்வெளி, மேப்பிள் சர்க்கரை, பளிங்குச் சுரங்கம் இவைதான் பிழைப்பு. 1777ஆம் ஆண்டிலேயே தன் அரசியல் சாசனத்தில் வளர்ந்தவர்களை அடிமையாக வைத்திருப்பதைத் தடை செய்த மண் அது. லிங்கனை எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸ் இதே மாநிலத்தின் பிராண்டன் ஊரில் பிறந்தவர்தான். ஆனாலும் 1860 தேர்தலில் நான்கில் மூன்று பங்கு வாக்குகள் லிங்கனுக்கே விழுந்தன.

போர் மூண்டபோது ஆளுநராக இருந்தவர் எராஸ்டஸ் ஃபேர்பேங்க்ஸ். எடைமேடை செய்து உலகெங்கும் விற்ற செயின்ட் ஜான்ஸ்பரி குடும்பத்தின் தலைவர் அவர். 1861 ஏப்ரலில் அவர் கூட்டிய சிறப்புச் சட்டமன்றம் போர்ச் செலவுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. கூட்டாட்சி அரசு கொடுத்த சம்பளத்துக்கு (அது விரைவில் மாதம் 13 டாலராயிற்று) மேல், சாதாரணச் சிப்பாய்க்கு மாநிலம் தன் பங்காக மாதம் 7 டாலர் தரும் என்றும் தீர்மானித்தது. பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் பண்ணை வேலைக்குக் கூலியாள் வைக்க வேண்டும் என்ற கணக்கைத் தெரிந்தவர்கள் அந்த மன்றத்தில் அமர்ந்திருந்தார்கள்.

ஆள் சேர்த்த முறையும் ஊர்க்கணக்குத்தான். ஓர் ஊரும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் சேர்ந்தால் ஒரு கம்பெனி. பள்ளித் தோழர்கள், பங்காளிகள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். போர் முடிவதற்குள் சுமார் 34,000 பேர் இப்படிச் சேர்ந்தார்கள். திரும்பாதவர்கள் 5,000க்கும் மேல்.

எதிரியின் குண்டுக்கு முன்பே நோய் வந்தது. 1861-62 குளிர்காலத்தில் வர்ஜீனியாவில் இருந்த கிரிஃபின் முகாமில் தட்டம்மையும் குடற்காய்ச்சலும் வெர்மான்ட் சிப்பாய்களை வாட்டி எடுத்தன. மலைச் சிற்றூர்களில் தனித்தனியே வளர்ந்தவர்களுக்கு நகரத்துப் பிள்ளைகள் குழந்தையிலேயே பார்த்துவிட்ட நோய்கள் புதியவை. செய்தி ஊருக்கு எட்டியதும் பெண்கள் சங்கம் சங்கமாகக் கூடிக் கம்பளிக் காலுறை பின்னினார்கள், காயத்துக்குக் கட்டப் பழந்துணியைக் கிழித்துச் சுருட்டினார்கள், வெண்ணெயும் மேப்பிள் சர்க்கரையும் கட்டி அனுப்பினார்கள். அடுத்த ஆளுநர் ஃபிரெடெரிக் ஹோல்புரூக் வேறொரு வழியில் யோசித்தார். நோயாளிகளைத் தெற்கத்திப் புழுக்கத்தில் கிடத்தாமல் சொந்த மலைக்காற்றுக்குக் கொண்டுவந்தால் விரைவில் தேறுவார்கள் என்று வாஷிங்டனில் வாதாடி, தம் சொந்த ஊரான பிராட்டில்பரோவில் ராணுவ மருத்துவமனை அமைக்க வைத்தார்.

1862 ஏப்ரலில் லீஸ் மில்ஸ் என்ற இடத்தில் 3ஆம் ரெஜிமென்ட்டின் நான்கு கம்பெனிகள் இடுப்பளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து எதிரியின் குழிகளைப் பிடித்தன. உதவிப்படை வரவில்லை, வந்த வழியே குண்டுமழையில் திரும்ப வேண்டியதாயிற்று. காயம்பட்டவர்களை ஆற்றிலிருந்து கரைசேர்த்த ஜூலியன் ஸ்காட் என்ற இசைக்குழுச் சிறுவனுக்குப் பின்னர் வீரப்பதக்கம் கிடைத்தது. வளர்ந்து ஓவியரான அவரை இக்கட்டுரையில் மறுபடியும் சந்திப்போம். அதே ஆண்டு ஜூன் 29 அன்று சாவேஜஸ் ஸ்டேஷனில் 5ஆம் ரெஜிமென்ட் அரைமணி நேரத்தில் 206 பேரை இழந்தது. அதில் மான்செஸ்டர் ஊர்க் கம்பெனியில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் ஐவரும், அவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவரும், மைத்துனர் ஒருவரும் இருந்தார்கள். அந்த ஏழு பேரில் பிழைத்தவர் ஒருவரே. ஊரோடு சேர்ந்து போவது என்பதன் மறுபக்கம் இது.

களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கடிதம் ஓடிக்கொண்டே இருந்தது. 2ஆம் ரெஜிமென்ட்டின் சாதாரணச் சிப்பாய் வில்பர் ஃபிஸ்க் புனைபெயரில் மான்ட்பீலியர் பத்திரிகைக்குத் தொடர்ந்து எழுதினார். பசி, சேறு, அதிகாரிகளின் அலட்சியம், அடிமைமுறை மீதான தம் வெறுப்பு என எல்லாம் அதில் வந்தன. 12ஆம் ரெஜிமென்ட்டிலிருந்து பர்லிங்டன் இதழுக்கு எழுதிய ஜார்ஜ் பெனடிக்ட் பின்னாளில் மாநிலப் போர் வரலாற்றை இரு பெருந்தொகுதிகளாக எழுதினார். வெர்மான்ட்டைப் பற்றி இன்று எவர் எழுதினாலும் அவருக்குக் கடன்பட்டே எழுதுகிறார்.

பண்ணைகளில் நடந்தது வெறும் ஒப்பாரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தென் மாநிலப் பஞ்சு நின்றுபோனதும் கம்பளிக்குக் கிராக்கி ஏறியது. போருக்கு முன் பவுண்டு நாற்பது சென்ட் அளவில் விற்றது, 1864-65இல் ஒரு டாலரை எட்டியது. நலிந்துகொண்டிருந்த மெரினோ ஆட்டு வளர்ப்பு, குறிப்பாக அடிசன் வட்டாரத்தில், மறுவாழ்வு பெற்றது. (அதே பஞ்சுத் தட்டுப்பாடுதான் நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் அந்த ஆண்டுகளில் விலையை ஏற்றிவிட்டது.) ஆள் குறைந்த வயல்களில் குதிரை இழுக்கும் புல்வெட்டும் இயந்திரம் நுழைந்தது. வைக்கோல் போர் போடுவதும் மந்தையை விற்பதும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் பெண்கள் வேலையாயின. களத்திலிருந்து வந்த கடிதங்களில் எந்த மாட்டை விற்பது என்ற ஆலோசனையும் போர்ச்செய்தியோடு கலந்தே வரும். விண்ட்சர் ஊர்த் தொழிற்சாலை அரசுக்குத் துப்பாக்கிகள் செய்தது. துப்பாக்கி செய்யும் இயந்திரங்களையே செய்து மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. சண்டைக்குப் போன எந்த ரெஜிமென்ட்டுக்கும் குறையாத பங்கு அந்த ஆலையினுடையது என்பேன்.

எல்லோரும் மனமுவந்து போனதாக நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். ஆனால் 1863இல் கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பெயர் எழுத வந்த அலுவலர்களை மேற்கு ரட்லண்ட் பளிங்குச் சுரங்கங்களின் ஐரிஷ் தொழிலாளர்கள் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். 300 டாலர் கட்டினால் விலக்கு என்பது சட்டம். மாநிலப் படியும் சேர்த்து ஒரு சிப்பாயின் பதினைந்து மாதச் சம்பளம் அது. கல்லுடைப்பவனால் அதை எங்கே கட்ட முடியும்? ஊர்ச்சபைகளோ தங்கள் பங்கு ஆட்களைக் காட்டக் கடன் வாங்கி ஊக்கத்தொகையை ஏற்றிக்கொண்டே போயின.

கெட்டிஸ்பர்க் சண்டையில் ஜெனரல் ஸ்டானர்டு தலைமையில் நின்ற வெர்மான்ட்காரர்கள் ஒன்பது மாதத் தவணைக்கு வந்த புதியவர்கள். சில வாரங்களில் வீடு திரும்ப வேண்டியவர்கள். 1863 ஜூலை 3 அன்று தெற்கத்தித் தளபதி பிக்கெட்டின் பெரும்பாய்ச்சலைப் பக்கவாட்டில் திரும்பிச் சுட்டுச் சிதறடித்த புகழ் அவர்களுக்கு உண்டு. சிலைகளும் உண்டு. ஆயினும் அந்த மாநிலத்தின் போர் எது என்று கேட்டால் நான் காட்டுவது அடுத்த ஆண்டு வந்த வில்டர்னெஸ் காட்டுச் சண்டையைத்தான்.

1864 மே 5. வர்ஜீனியாவின் புதர்க்காட்டில் பலகைச் சாலையும் பிராக் சாலையும் கூடும் சந்தி. அது எதிரி கைக்குப் போனால் வடதரப்புப் படை இரண்டாகப் பிளந்துவிடும். வடதரப்பு ஜெனரல் ஹான்காக்கின் படை வந்து சேரும்வரை அதைப் பிடித்துவைக்க அனுப்பப்பட்டவர்களில் பழைய பிரிகேடும் ஒன்று. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத அடர்த்தி. எதிர்ப்பக்கத்துப் புகையைப் பார்த்துத்தான் சுட முடியும். நின்றால் சாவு என்பதால் படுத்துக்கொண்டே சுட்டார்கள். 2ஆம் ரெஜிமென்ட்டின் தளபதி ஸ்டோன் இறந்தார், அவர் இடத்தை ஏற்ற டைலரும் உயிர்க்காயம் பட்டார். சந்தி கைவிட்டுப் போகவில்லை. இரண்டு நாளில் பிரிகேடின் சுமார் 2,800 பேரில் 1,234 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். அந்த 2ஆம் ரெஜிமென்ட் மூன்றாண்டுத் தவணைக்குப் பெயர் கொடுத்தது 1861 ஜூன் 20. தவணை முடிய ஆறு வாரமே இருந்தது. பல மாநிலங்கள் ஆள் சேரச் சேரப் புதிய ரெஜிமென்ட்டுகளைத் தொடங்கின. வெர்மான்ட் புதியவர்களைப் பழைய ரெஜிமென்ட்டுகளிலும் நிரப்பி வந்ததால், நேற்று வந்த பையன் மூன்றாண்டு அனுபவசாலியின் தோளருகே நின்று கற்றான். படையின் திறம் குன்றவில்லை. அதே காரணத்தால் அடுத்த வாரப் பத்திரிகைகளின் பெயர்ப்பட்டியலில் தன் ஊர்ப்பெயர் இல்லாத மலைப் பள்ளத்தாக்கு அரிதாயிற்று.

1864 அக்டோபர் 19 ஒரு விந்தையான நாள். அன்று விடியலில் சீடர் கிரீக்கில் எதிரி திடீரெனத் தாக்க, நேரம் சம்பாதித்துக் கொடுப்பதற்காக 8ஆம் வெர்மான்ட் ரெஜிமென்ட்டை முன்னே தள்ளினார்கள். அதன் 164 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள். போரின் எந்தக் களத்தையும்விட இதில்தான் வெர்மான்ட் படைகள் அதிகம் நின்றன. அதே நாள் பிற்பகலில், அந்தக் களத்துக்கு வடக்கே நூற்றுக்கணக்கான மைல் தொலைவில், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் பயணிகளாக வேடமிட்டுத் தங்கியிருந்த இருபத்தொரு தெற்கத்திச் சிப்பாய்கள் பென்னட் யங் தலைமையில் மூன்று வங்கிகளைக் கொள்ளையடித்தார்கள். ஏறத்தாழ 2,08,000 டாலர் போயிற்று. ஊருக்குத் தீ வைக்க முயன்றார்கள், பிடிக்கவில்லை. ஒருவர் சுடப்பட்டு இறந்தார். ஆளுநர் கிரெகரி ஸ்மித் மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரில் இருந்தார். அவர் மனைவி ஆன் எலிசா குண்டில்லாத கைத்துப்பாக்கியோடு வீட்டு வாசலில் நின்றார். கொள்ளையர் கனடாவுக்குள் ஓடினார்கள், அங்கே நீதிமன்றம் அவர்களை ஒப்படைக்க மறுத்தது. தன் இளைஞர்களையெல்லாம் தெற்கே அனுப்பிவிட்ட மாநிலத்தின் வடவாசல் திறந்து கிடந்ததை அந்த ஒரு மணி நேரம் காட்டிவிட்டது.

போருக்குப் பின் சட்டமன்றம் ஜூலியன் ஸ்காட்டிடம் சீடர் கிரீக் சண்டையை வரையச் சொன்னது. 1874இல் முடிந்த அந்தப் பெரும் ஓவியம் மான்ட்பீலியர் மாநில மாளிகையில் இன்றும் சுவரை நிறைத்து நிற்கிறது. தேசியக் கல்லறைத் தோட்டங்களுக்கு லட்சக்கணக்கில் தலைக்கல் தேவைப்பட்டபோது அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி கிடைத்தது மேற்கு ரட்லண்டுப் பளிங்குக்கு. ஆள்சேர்ப்பாளர்களைக் கல்லெறிந்து விரட்டிய அதே சுரங்க வட்டாரம், இப்போது மணலை வீசிப் பெயர் பொறிக்கும் புதுமுறையில் இறந்தவர்களின் பெயரை வெட்டியது. ஆட்சியும் பழைய சிப்பாய்கள் கைக்கே போயிற்று: 15ஆம் ரெஜிமென்ட்டின் ரெட்ஃபீல்டு பிராக்டர், லீஸ் மில்ஸில் வீரப்பதக்கம் பெற்ற சாமுவேல் பிங்ரீ, புல் ரன் சண்டையில் கை இழந்த அர்பன் வுட்பரி என வரிசையாக ஆளுநர்கள். போர்க்காலத்தில் வேரூன்றிய குடியரசுக் கட்சியின் பிடி தளர்ந்து, ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் ஆளுநராக வென்றது 1962இல்தான்.