எலிசபெத் காத்த மந்தை

1966-ல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது அச்சடித்த இரண்டு டாலர் நோட்டில் ஜான் மெக்கார்தரின் முகமும் ஒரு மெரினோ கிடாயும் இருந்தன. அந்நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று அவரைத்தான் கொண்டாடினார்கள். அவர் நாட்டிலேயே இல்லாத ஆண்டுகளில் அந்த மந்தை அழியாமல் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி எலிசபெத். இந்த வாரம் இருவர் கதையும்.

1790 ஜூனில் அவர்கள் சிட்னியில் இறங்கினார்கள். ஜான் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்ட். வழியில் கப்பலில் பிறந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை. 1793-ல் பரமட்டாவில் 100 ஏக்கர் கிடைத்தது. பண்ணைக்கு மனைவி பெயரையே வைத்தார் ஜான்.

மந்தைக்கு முதலில் வந்தவை நம் பக்கத்து ஆடுகள். 1794-ல் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் 60 வங்காளச் செம்மறிகளை வாங்கியதாக ஜானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவற்றின் உடம்பில் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். அயர்லாந்து ஆடுகளோடு சேர்த்தபோது பிறந்த குட்டிகளுக்கு முடியும் கம்பளியும் கலந்து வளர்ந்தன. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. 1797-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்பிலிருந்து மெரினோக்கள் வந்தபோது சிலவற்றை வாங்கி, இனம் கலக்காமல் பெருக்கினார்.

ஆனால் மனிதருக்குக் கோபம் மூக்குக்கு மேல். 1801-ல் தன் தளபதி பேட்டர்சனையே துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் காயப்படுத்தி, விசாரணைக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அந்தக் கெடுதலையும் வியாபாரமாக்கினார். கையோடு கொண்டுபோன கம்பளி மாதிரிகளை ஆலைக்காரர்களிடம் காட்டினார். ஸ்பெயின் கம்பளிக்குப் போரால் ஆபத்து வந்த காலம் அது. 5,000 ஏக்கர் தரச்சொல்லி அமைச்சர் கேம்டன் பிரபு உத்தரவிட்டார். மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மந்தையிலிருந்து ஏலத்தில் எடுத்த மெரினோக்களோடு 1805-ல் ஜான் திரும்பினார்.

மூன்றே ஆண்டுகளில் மறுபடி வம்பு. 1808 ஜனவரி 26 அன்று ஆளுநர் பிளை படையினரால் கவிழ்க்கப்பட்டார். அதில் ஜானின் கை பெரிது. 1809-ல் லண்டன் போனவர், திரும்பினால் வழக்கு என்ற நிலையில் 1817 வரை அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த எட்டு ஆண்டுகளும் மந்தை எலிசபெத் கையில். கைதிகளாக வந்தவர்கள்தான் மேய்ப்பர்கள். பகலில் திறந்த வெளி மேய்ச்சல், இரவில் டிங்கோ நாய்களுக்குப் பயந்து பட்டியில் அடைப்பு. எந்தக் கிடாயை எந்தப் பெட்டையோடு விடுவது என்பதில் ஒரு தவறு நடந்தால் பல வருட உழைப்பு போய்விடும். கத்தரித்த கம்பளியில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் எடையில் பெரும் பங்கு. கழுவாமல் பொதி கட்டினால் அழுக்குக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுக்க வேண்டும், லண்டனில் விலையும் விழும். கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும் காலத்தில் கணவரிடம் கேட்டு முடிவெடுக்க வழியில்லை. முடிவுகள் எலிசபெத்துடையவைதான், எனக்கு இந்த வரலாற்றின் மையம் இதுவே.

கேம்டன் பிரபு தரச்சொன்ன, அவர் பெயராலேயே கேம்டன் என்றான அந்த மேய்ச்சல் நிலம் யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தாராவல் மக்களின் மண். ஆடுமாடுகள் பெருகப் பெருக அவர்களுடைய உணவும் நீரும் சுருங்கின. இரு பக்கமும் உயிர்கள் போயின. 1816 ஏப்ரலில் ஆளுநர் மக்குவாரி அனுப்பிய படை, அருகிலுள்ள ஆப்பினில் குறைந்தது 14 பேரைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. கம்பளிச் செல்வத்தின் கணக்கில் இந்த உயிர்களும் சேர்த்திதான்.

1822-ல் லண்டன் கலைக் கழகம் ஜானுக்கு இரண்டு தங்கப் பதக்கங்கள் தந்தது. சாக்சனிக் கம்பளிக்கு நிகரான தரம் என்பதற்கு ஒன்று. கடைசிக் காலத்தில் அவர் மனம் பேதலித்தது. மனைவிமேலேயே சந்தேகப்பட்டு அவரை ஒதுக்கினார். 1834-ல் கேம்டனில் இறந்தார். மகன்கள் ஜேம்ஸும் வில்லியமும் மந்தையை நடத்த, எலிசபெத் 1850 வரை வாழ்ந்தார். அதற்குள் பிரிட்டிஷ் ஆலைகளுக்குக் கம்பளி அனுப்புவதில் ஆஸ்திரேலியா ஜெர்மனியை முந்தியிருந்தது.

(தொடரும்)