குவீன் தெரு முதல் அப்சல்கஞ்ச் வரை

எடின்பரோ நகரைக் காணச் செல்வோர், எரிமலைப் பாறையின்மேல் நிற்கும் கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைவரை இறங்கும் ‘ராயல் மைல்’ என்னும் பழைய வீதியை நடந்து பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். ஆனால் ஐதராபாத்திலிருந்து செல்பவர் காணத் தவறக்கூடாத இடம், அதற்கு வடக்கே 18ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட புதுநகரில், குவீன் தெருவில் 52ஆம் எண் வீடாகும். குளோரோபார்ம் மயக்கமருந்தால் முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று ஆராய நிஜாமின் தலைநகரான ஐதராபாத்தில் 1889-இல் கூடிய இரண்டாம் குளோரோபார்ம் ஆணையத்தின் தீர்ப்பு இவ்வாரம் ஆராயப்படும் என்று சொல்லப்பட்டிருந்தபோதிலும், அவ்வழக்கு பிறந்த வீட்டைக் காணாமல் தீர்ப்பை எடைபோடுவது முறையாகாது.

1847 நவம்பர் 4 இரவு, மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் யங் சிம்சன், கீத், டங்கன் என்னும் உதவியாளர் இருவருடன் அவ்வீட்டின் உணவறையில் அமர்ந்து, கிண்ணத்தில் ஊற்றிய குளோரோபார்மை, அதாவது உணர்விழக்கச் செய்யும் அந்த இனிய மணமுள்ள நீர்மத்தை, முகர்ந்தார். பேச்சும் சிரிப்பும் ஓங்கிச் சற்று நேரத்தில் மூவரும் தரையில் கிடந்தனர். தம் உடலையே சோதனைக்களமாக்கிய அத்துணிவு எந்தப் போர்க்களத் துணிவுக்கும் குறைந்ததன்று. பேற்றுவலி இறைவன் விதித்தது என வாதிட்டோருக்கு, ஆதாமின் விலா எலும்பை எடுக்கும்முன் இறைவனே அவனை ஆழ்ந்து உறங்கவைத்ததை எடுத்துக்காட்டி, வேதாகமத்தைக் கொண்டே அவர் விடையளித்தார். எனினும் 1848 ஜனவரியில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காக இம்மருந்து கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி இறந்தாள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற பெரும் பூசல் அதன்பின் மூண்டது.

நாடியைவிட மூச்சையே கவனிக்க வேண்டும் என்பது எடின்பரோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமின் கொள்கை. அவர் மாணவரான எட்வர்ட் லாரி, ஐதராபாத் ரெசிடென்சி மருத்துவராகவும் மருத்துவப் பள்ளித் தலைவராகவும் இருந்து அக்கொள்கையை அப்சல்கஞ்ச் மருத்துவமனையில் வேரூன்றச் செய்தார். மூச்சின்மீது அவர் வைத்த இமைகொட்டாத காவல் போற்றத்தக்கது. இதயத்தைப் பற்றிய ஐயத்தைக் கேட்கவும் மறுத்த பிடிவாதமோ மன்னிக்கத்தக்கதன்று. இவ்வரலாற்றின் மெய்யான தலைவி, 1885-இல் அப்பள்ளியில் சேர்ந்து, குளோரோபார்ம் கொடுப்பதில் தேர்ந்து, பின்னர் 1909-இல் எடின்பரோவுக்கே சென்று இயற்பியலும் வேதியியலும் பயின்ற பார்சிப் பெண் ரூபா பாய் பர்தூன்ஜியே. சிம்சனுக்கு எடின்பரோவின் பிரின்சஸ் தெருப் பூங்காவில் சிலை உண்டு. ரூபா பாயின் பெயரையோ அவர் ஊரிலேயே பலர் அறியார்.

ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கானின் அரசு 1000 பவுண்டு அளித்து இரண்டாம் ஆணையத்துக்கு வரவழைத்த லாடர் பிரண்டனும் எடின்பரோவில் பயின்றவரே. அவர் ஐதராபாத்தில் கண்ட முடிவும், அதை 1911-இல் ஆய்வாளர் குட்மன் லெவி தகர்த்ததும் அடுத்த வாரம்.