கமாடிட்டி முன்பேர வர்த்தகம்: புதிதாக நுழைவோருக்கு

தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய், செம்பு, மஞ்சள், சீரகம் போன்ற பண்டங்களின் விலையை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தங்களை வாங்கி விற்பது கமாடிட்டி முன்பேர வர்த்தகம். குறித்த பண்டத்தை, குறித்த அளவில், குறித்த மாதத்தில், இன்று பேசி முடித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ இரு தரப்பும் கட்டுப்படுவது ஃபியூச்சர்ஸ். கட்டாயமில்லாமல் அந்த உரிமையை மட்டும் ஒரு பிரீமியம் கொடுத்து வாங்குவது ஆப்ஷன். இந்தியாவில் உலோகங்களும் எரிபொருளும் பெரும்பாலும் மும்பையின் எம்.சி.எக்ஸ். சந்தையிலும், வேளாண் பொருட்கள் பெரும்பாலும் என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையிலும் வர்த்தகமாகின்றன. 2018 முதல் பி.எஸ்.இ.யும் என்.எஸ்.இ.யும் இந்தப் பிரிவை நடத்துகின்றன. எல்லாவற்றையும் கண்காணிப்பது பங்கு, பண்டகச் சந்தைகளின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி.

வரலாறு

இந்தியாவில் ஒழுங்கமைந்த முன்பேரச் சந்தை 1875இல் பம்பாயில் பருத்தி வணிகர்கள் அமைத்த சங்கத்தோடு தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1952இல் முன்பேர ஒப்பந்தங்கள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஃபார்வர்டு மார்க்கெட்ஸ் கமிஷன் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. 1960களின் நடுவில் பற்றாக்குறையும் விலையேற்றமும் அழுத்தியபோது பெரும்பாலான பண்டங்களுக்கு முன்பேர வணிகம் தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2003இல் தடை விலகியது. எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். இரண்டும் அந்த ஆண்டின் இறுதியில் பிறந்தவை.

2013 ஜூலை 31 அன்று நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற உடனடிச் சந்தை தன் வர்த்தகத்தை நிறுத்தியது. சுமார் 5,600 கோடி ரூபாய் முதலீட்டாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கிடங்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சரக்கு பெருமளவு அங்கே இல்லை. பெயரில் ஒன்றுபோல் தோன்றினாலும் அது முன்பேரச் சந்தை அல்ல. ஆனாலும் அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் பண்டகச் சந்தைக்கு வலுவான கண்காணிப்பு தேவை என்ற குரல் ஓங்கியது. 2015 செப்டம்பர் 28இல் ஃபார்வர்டு மார்க்கெட்ஸ் கமிஷன் செபியோடு இணைக்கப்பட்டது. 1952 முதல் தடையில் இருந்த ஆப்ஷன் வணிகம் 2017 அக்டோபரில் தங்கத்தின் வழியாகத் திரும்பி வந்தது.

சந்தையில் யார் இருக்கிறார்கள்

புதிதாக வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எதிர்ப்பக்கத்தில் நிற்பவரைப் பற்றி. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிப்பவரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய பம்புகளுக்கு இன்றே விலை பேசிவிட்டார். காயில் சுற்றுவதற்கான செம்பை இனிமேல்தான் வாங்க வேண்டும். இடையில் செம்பு ஏறினால் லாபம் கரையும். அவர் எம்.சி.எக்ஸ். சந்தையில் 2,500 கிலோ கொண்ட ஒரு லாட் செம்பு ஃபியூச்சர்ஸ் வாங்கி வைக்கிறார். கிலோவுக்கு 80 ரூபாய் ஏறினால், கடையில் கூடுதலாகக் கொடுக்கும் 2 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தில் திரும்பக் கிடைத்துவிடும். விலை இறங்கினால் ஒப்பந்தத்தில் நட்டம், கடையில் மிச்சம். இரண்டில் எது நடந்தாலும் அவர் பேசிய பம்பு விலை அவரைக் கவிழ்க்காது. இதற்கு ஹெட்ஜிங் என்று பெயர். இந்தச் சந்தை இருப்பதற்கான நியாயமும் இதுதான்.

அவர் இறக்கி வைக்கும் ஆபத்தைச் சுமக்க ஒருவர் வேண்டும். கையில் சரக்கோ ஆர்டரோ இல்லாமல், விலை ஏறும் இறங்கும் என்ற கணிப்பில் மட்டும் வரும் ஊக வணிகர் அந்தச் சுமையை ஏற்கிறார். புதியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகை. ஹெட்ஜ் செய்பவருக்கு ஒப்பந்தத்தில் வரும் நட்டம் வேறிடத்தில் ஈடாகிறது. ஊக வணிகருக்கு ஈடு எதுவும் கிடையாது. நகைக்கடைக்காரர் தங்க ஒப்பந்தத்தில் இழக்கிறாரே, நாமும் தாங்கலாம் என்று நினைப்பது தவறு.

லாட், மார்ஜின், எம்.டி.எம்.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. தங்கத்தில் பெரிய ஒப்பந்தம் 1 கிலோ, கோல்டு மினி 100 கிராம், கோல்டு கினி 8 கிராம், கோல்டு பெட்டல் 1 கிராம். கினி என்பது நம் வீட்டுக் கணக்கில் ஒரு பவுன். வெள்ளி 30 கிலோ, அதன் மினி 5 கிலோ, மைக்ரோ 1 கிலோ. கச்சா எண்ணெய் 100 பீப்பாய், மினி 10 பீப்பாய். விலை சொல்லப்படும் அலகு வேறு, லாட் அளவு வேறு. பெரிய தங்க ஒப்பந்தத்துக்கும் மினிக்கும் 10 கிராம் விலை திரையில் ஓடும். ஆகவே விலை 1 ரூபாய் நகர்ந்தால் பெரிய ஒப்பந்தத்தில் 100 ரூபாய், மினியில் 10 ரூபாய். வெள்ளி கிலோ விலையில் ஓடும். 30 கிலோ லாட்டில் 1 ரூபாய் அசைவு 30 ரூபாய். இந்தப் பெருக்கலை மனத்தில் வைக்காமல் ஆர்டர் போட்டுவிட்டுத் திகைப்பவர்கள் நிறைய.

முழு மதிப்பையும் கட்ட வேண்டியதில்லை. மதிப்பில் ஒரு பகுதியை மார்ஜினாகக் கட்டினால் போதும். விலையின் ஊசலாட்டத்தைப் பொறுத்துச் சந்தை அதை மாற்றிக்கொண்டே இருக்கும். கணக்குக்காக 10 கிராம் தங்கம் 1 லட்சம் ரூபாய் என்றும் மார்ஜின் 10 சதவிகிதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கோல்டு மினி லாட்டின் மதிப்பு 10 லட்சம். கையிலிருந்து கட்டுவது 1 லட்சம். தங்கம் 2 சதவிகிதம் இறங்கினால் நட்டம் 20,000 ரூபாய். போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2 சதவிகித அசைவு தங்கத்தில் அபூர்வம் இல்லை.

அந்த நட்டம் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருப்பதும் இல்லை. தினமும் இரவு முடிவு விலையோடு ஒப்பிட்டு, நட்டமானவர் கணக்கிலிருந்து எடுத்து லாபமானவர் கணக்கில் சேர்க்கிறார்கள். இது எம்.டி.எம். எனப்படும். ஒவ்வொரு வணிகத்திலும் இரு பக்கத்துக்கும் நடுவே கிளியரிங் கார்ப்பரேஷன் நின்று பொறுப்பேற்பதால், யாரோ ஒருவர் ஓடிவிட்டார் என்பதற்காக இன்னொருவரின் லாபம் போகாது. அதற்கான விலையே இந்த அன்றாடக் கணக்கு முடிப்பு. கணக்கில் பணம் குறைந்து, கேட்ட நேரத்தில் கட்டாவிட்டால் புரோக்கர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். மறுநாள் விலை திரும்பினாலும் பயனில்லை. மார்ஜினுக்குப் போதுமான பணம் மட்டும் வைத்துக்கொண்டு நுழைவது இதனால்தான் ஆபத்து. அதைப்போல இன்னொரு மடங்காவது ஒதுக்கி வைக்க முடியாதவர் சிறிய ஒப்பந்தத்துக்கு இறங்கிவிடுவது நல்லது.

2020 ஏப்ரல் 20

கட்டிய மார்ஜினுக்கு மேல் எதுவும் போகாது என்ற நம்பிக்கையை உடைத்த நாள் இது. கொரோனா ஊரடங்கில் உலகமே எண்ணெய் பயன்பாட்டைச் சுருக்கியிருந்தது. அமெரிக்காவின் குஷிங் நகரில் எண்ணெயைச் சேமிக்க இடம் தீர்ந்துகொண்டிருந்தது. ஊரடங்கால் எம்.சி.எக்ஸ். அப்போது மாலை 5 மணிக்கே மூடியது. ஏப்ரல் மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் அன்றுதான் முடிவடைகிறது. 5 மணிக்குத் திரையில் இருந்த விலை பீப்பாய்க்கு 965 ரூபாய். இவ்வளவு மலிவா என்று வாங்கியவர்கள் பலர்.

எம்.சி.எக்ஸ். இறுதி விலை நியூயார்க் சந்தையின் முடிவு விலையைப் பின்பற்றுவது. அந்த இரவு நியூயார்க்கில் விலை சுழியத்தைத் தாண்டி இறங்கி, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விற்பவரே பணம் கொடுத்து எண்ணெயை அகற்றச் சொல்லும் நிலை. எம்.சி.எக்ஸ். இறுதி விலையை மைனஸ் 2,884 ரூபாய் என்று அறிவித்தது. 965 ரூபாய்க்கு ஒரு லாட் வாங்கியவரின் ஒப்பந்த மதிப்பு 96,500 ரூபாய். அவரது நட்டம் 3,84,900 ரூபாய். இந்தியச் சந்தை மூடியிருந்ததால் அவரால் இடையில் விற்று வெளியேறவும் முடியவில்லை. வழக்குகள் பம்பாய் உயர் நீதிமன்றம்வரை போயின. அதே ஆண்டு, விலை சுழியத்தை நெருங்கும் பண்டங்களுக்கெனத் தனி இடர் விதிகளை செபி வகுத்தது.

அன்று சிக்கியவர்களில் பலருக்கு எண்ணெய் விலையைப் பற்றிய கருத்து இருந்திருக்கும். ஒப்பந்தம் எந்த நாளில், எந்த ஊர் விலையில் முடிகிறது என்ற தகவல் அதைவிட முக்கியமாக இருந்தது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் சந்தையின் இணையதளத்தில் விவரக்குறிப்பு இருக்கிறது. சில பக்கங்கள்தான். அதை முழுதாகப் படிக்காமல் அந்தப் பண்டத்தைத் தொடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

முடிவு நாளும் டெலிவரியும்

கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு இரண்டும் பணத்தில் கணக்குத் தீர்க்கப்படுகின்றன. தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றில் டெலிவரி கட்டாயம். ஒப்பந்தத்தைக் கடைசிவரை வைத்திருந்தால் முழுப் பணத்தையும் கட்டிச் சரக்கை எடுக்க வேண்டும். விற்றவர் சரக்கைக் கொடுக்க வேண்டும். தவறினால் அபராதம். டெலிவரிக்கு உரிய நாட்கள் நெருங்கும்போது மார்ஜினும் உயரும். ஆகவே சிறு வணிகர்களின் ஒப்பந்தங்களைப் புரோக்கர்கள் முன்கூட்டியே முடித்துவிடுவது வழக்கம். எந்த நாளில் முடிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆப்ஷனிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. வாங்குபவரின் அதிகபட்ச நட்டம் பிரீமியம் மட்டுமே என்பது உண்மை. ஆனால் முடிவு நாளில் லாபத்தில் இருக்கும் ஆப்ஷன் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தமாக மாறிவிடும். அன்றைக்கு அதற்கான மார்ஜின் கணக்கில் வேண்டும். ஆப்ஷனை எழுதி விற்பவருக்கு நட்டத்தின் எல்லை பிரீமியத்தோடு நிற்காது. தொடக்கநிலையில் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே சரி.

விலையை நகர்த்துபவை

தங்கம், வெள்ளி, எண்ணெய் விலைகள் உலகச் சந்தையையும் டாலர் மதிப்பையும் சேர்த்தே நகரும். காலை 9 மணிக்குத் தொடங்கும் எம்.சி.எக்ஸ். இரவு 11.30 வரை, அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் 11.55 வரை திறந்திருப்பது இதனால்தான். அமெரிக்க எண்ணெய்க் கையிருப்பு அறிக்கை வழக்கமாகப் புதன்கிழமை நம் இரவு நேரத்தில் வரும். சில நிமிடங்களில் விலை குதிக்கும். உள்நாட்டு முடிவுகளும் கனமானவை. 2024 ஜூலை 23 மத்திய பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15 சதவிகிதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டது. உலக விலை பெரிதாக அசையாமலே அன்று இந்தியத் தங்க ஒப்பந்தங்கள் சரிந்தன.

வேளாண் பொருட்களில் மழை, விதைப்புப் பரப்பு, வரத்து ஆகியவற்றோடு அரசின் தடை என்ற ஆபத்தும் உண்டு. 2007இல் துவரை, உளுந்து, கோதுமை, அரிசி முன்பேரம் நிறுத்தப்பட்டது. விலையேற்றத்துக்கு முன்பேர வணிகம்தான் காரணமா என்று ஆராய்ந்த அபிஜித் சென் குழுவால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. 2021 டிசம்பரில் கோதுமை, பாசுமதி அல்லாத நெல், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயா, பாமாயில் ஆகியவற்றின் முன்பேரத்தை செபி நிறுத்தி, பின்னர் அந்தத் தடையை மீண்டும் மீண்டும் நீட்டித்தது. மஞ்சள் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் என்.சி.டி.இ.எக்ஸ். மஞ்சள் விலை தெலங்கானாவின் நிஜாமாபாத் சந்தையை அடிப்படையாகக் கொண்டது. ஈரோட்டு மஞ்சள் விலை அதோடு எப்போதும் ஒட்டி நடக்காது. ஈரோட்டில் சரக்கு வைத்திருப்பவர் இந்த இடைவெளியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கணக்குத் தொடங்குதல், செலவு, வரி

செபியில் பதிவு பெற்ற புரோக்கரிடம் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களோடு கமாடிட்டி பிரிவைக் கேட்டுத் திறக்கலாம். பங்கு வணிகக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் இந்தப் பிரிவைச் சேர்த்தால் போதும். வருமானச் சான்று கேட்பார்கள்; வங்கி அறிக்கையோ வருமான வரிக் கணக்கோ செல்லும். வேளாண் அல்லாத ஃபியூச்சர்ஸ் விற்பனையில் லட்சத்துக்கு 10 ரூபாய் கமாடிட்டி பரிவர்த்தனை வரி உண்டு. புரோக்கரேஜ், ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை தனி. நாளுக்குப் பலமுறை வாங்கி விற்பவருக்கு இவை சேர்ந்து கணிசமாகும். லாபம் வணிக வருமானமாகக் கருதப்படுவதால் வழக்கமான சம்பளதாரர் படிவம் பொருந்தாது. நட்டமானாலும் உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தால் பிற்கால வணிக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் பிரிவில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நட்டமடைந்ததாகக் கண்டது. அது கமாடிட்டி பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் மார்ஜின், லாட், முடிவு நாள் என்ற அதே அமைப்பில்தான் கமாடிட்டியும் இயங்குகிறது. கடன் வாங்கிய பணம், பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணம் இவற்றோடு இங்கே வரக்கூடாது. கோல்டு பெட்டல், கச்சா எண்ணெய் மினி போன்ற சிறிய ஒப்பந்தங்களில் ஒரு லாட்டோடு, ஒரே ஒரு பண்டத்தில் பழகுவது முறை. ஆர்டர் போடும்போதே, நட்டம் குறித்த எல்லையைத் தொட்டதும் வெளியேற உதவும் ஸ்டாப் லாஸ் விலையையும் போட்டுவிட வேண்டும். இரவில் விலை தாவித் திறந்தால் அதுவும் முழுக் காப்பு ஆகாது.

டப்பா டிரேடிங் எனப்படும் சந்தைக்கு வெளியிலான வணிகம் சட்டவிரோதம். அதில் ஆர்டர் சந்தைக்கே போவதில்லை. ஏமாற்றப்பட்டால் சந்தையோ செபியோ பணத்தை மீட்டுத் தராது. டெலிகிராம் குழுக்களில் விளம்பரமாகும் வெளிநாட்டுச் செயலிகளில் தங்கம், எண்ணெய் வணிகத்துக்கு மார்ஜின் பணம் அனுப்புவதை ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிப்பதில்லை. புரோக்கரின் பதிவு எண்ணை செபி இணையதளத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற புரோக்கர்மீது புகார் இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம்.